ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒரு கப்பல்

எங்கள் வீட்டு மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டியின் தலைமேல், ஒரு விண்வெளிக் கப்பல் நிற்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் கருநீலம், மூக்கில் ஆரஞ்சுப் பட்டை, பின்பக்க எஞ்சின் குழாய்களில் வெளிர்நீல வெளிச்சம். இவ்வளவும் நான் அடித்த வண்ணம். ஆனால் அதன் முதுகிலும் இறக்கைப் பள்ளங்களிலும் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாக ஒரு படிவு இருக்கிறதே, அது நான் அடித்ததில்லை. அது என் மாமனார் கொண்டுவந்த தண்ணீரின் வேலை. காலையில் மோட்டார் போட இப்போது நான்தான் போகிறேன். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பெட்டி 'டக்'கென்று ஓர் உதறு உதறும், கப்பலும் கூடவே அதிரும். கீழே விழுந்து தொலையட்டுமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். விழாது. பைப் ஒட்டுகிற பசையைத் தாராளமாகப் போட்டு அவர் அதை அங்கே ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தக் கப்பல் எதற்கு என்று எங்கள் தெருவில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, கோள்களுக்குப் பதிலாக அட்டை வட்டங்களைப் பரப்பி, ஆளுக்கொரு கப்பற்படையோடு எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. டேப் வைத்து அளந்து கப்பலை நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம். பெங்களூரில் வேலை பார்த்தபோது அலுவலக நண்பர்களிடம் கற்றுக்கொண்டேன். போகப்போக ஆட்டத்தைவிடக் கப்பலுக்கு வண்ணம் அடிப்பதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்தேன், வேலையும் வீட்டிலிருந்தே என்று ஆனது. நண்பர்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டில் கூடி நாள் முழுக்க ஆடுவார்கள். அங்கே ஒரே சட்டம்தான்: வண்ணம் அடித்து முடிக்காத கப்பல் மேசைக்கு வரக்கூடாது. கல்யாணமான அந்த வருடம் என் படை அரைகுறையாகக் கிடந்ததால் வேறு யாருடையதையோ இரவல் வாங்கி ஆடினேன். ஒரு தோழி நல்ல மனதோடுதான் சொன்னாள், "விடுடி, கல்யாணம் ஆயிடுச்சு, இனிமே உனக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்." திரும்பும்போது பஸ் ஓசூரைத் தாண்டியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. என்னிடம் என்னுடையது என்று மிச்சமிருந்த ஒன்றையும் நான் விட்டுவிட்டதாக அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்குள் புதுப் படை ஒன்றை முழுதாக முடித்து, அந்த மேசைமேல் கொண்டுபோய் வைப்பது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்தேன்.

என் மேசை பின்கட்டில், ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடி, அதற்கு அப்பால் மோட்டார் ரூம். அந்த மோட்டார் ரூம்தான் என் மாமனாருக்கு ராஜ்ஜியம். இந்த ஊரில் பாதிப் பேரைப்போல அவரும் ரிக் வண்டி வைத்திருந்தவர், வடக்கே எங்கெங்கேயோ போய் மாதக்கணக்கில் தங்கி போர்வெல் போட்டவர். முட்டி தேய்ந்து வண்டியை விற்ற பிறகு வீட்டோடு இருந்தார். ஊரார் நிலத்தில் எத்தனையோ துளை போட்டிருந்தாலும் அவர் பேசியதெல்லாம் சொந்த வீட்டில் போட்ட ஒரே போரைப் பற்றித்தான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, இந்த மனையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் தானாக ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டி, தன் வண்டியையே கொண்டுவந்து நிறுத்தி, அங்கே போட்டாராம். தண்ணீர் ஆளுயரத்துக்கு எழுந்ததாம். வீட்டுக்கு யார் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களாக இருந்தாலும், இந்தக் கதையைக் கேட்டு, குழாயில் பிடித்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போக முடியும்.

ஊரில் தெருக்குழாயில் வருகிற காவிரித் தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பெயர், போர்த் தண்ணீருக்கு உப்புத் தண்ணி என்று பெயர். சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். எங்கள் வீட்டில் மட்டும் உப்புத் தண்ணி என்ற சொல் கிடையாது. குளியலறைக் குழாயின் வாயில் கல் கட்டிக்கொள்ளும், ஹீட்டர் கம்பி சாம்பல் பூசியதுபோல் ஆகும், என் தலைமுடி கைநிறைய வரும். இதற்கெல்லாம் கம்பெனிக்காரன் சரியில்லை, ஷாம்பு சரியில்லை என்று ஒவ்வொரு காரணம் இருந்தது. நான் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் கிணறு உப்பென்றால் உப்பு என்று சொல்லிவிட்டு வேறு கிணற்றுக்குப் போவோம். இங்கே ஒரு வீடே சேர்ந்து ஒரு மனிதரின் சந்தோஷத்துக்காக நாக்கை மடித்துவைத்துக்கொண்டிருந்ததை நான் கொஞ்ச நாள் அன்பு என்றே நினைத்தேன்.

நான் வண்ணம் அடிக்க உட்கார்ந்த முதல் வாரமே அவர் வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். ஒரு கப்பலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன சாமி, எறும்பு ஏறிப் போறதுக்கா?" என்றார். கேலி அன்றோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தார். ரிக் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வைத்துப் பார்த்த கண்ணல்லவா, சும்மா இருக்குமா. இங்கே பட்டை கோணல், அங்கே சந்தனக் கலர் அடித்தால் எடுப்பாக இருக்கும், முன்கண்ணாடிக்கு மேல் சாமி பேர் எழுதவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதையும் தொட மாட்டார், விரல் தடிமனாக இருக்கிறது, உடைந்துவிடும் என்று பயம். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் காலையில், மோட்டார் போட்டுவிட்டு வரும்போது, எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "பிரஷ் நனைக்கத் தண்ணி வேணுமல்லோ. புதுத் தண்ணி, இப்பத்தான் உழுந்தது." அன்றிலிருந்து அது அவர் வேலை. சொம்பை வைத்துவிட்டு, நான் அதிலிருந்து ஊற்றிக்கொள்கிற வரை நின்று பார்ப்பார்.

இந்த வேலையில் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று அடிக்காதவர்களுக்குத் தெரியாது. முதல் பூச்சான பிரைமர் மட்டும்தான் ஸ்பிரே, அதை விடியற்காலையில் மொட்டைமாடியில் அடித்துவிடுவேன். வெயில் ஏறிவிட்டால் ஸ்பிரே காற்றிலேயே காய்ந்து, கப்பல்மேல் மணல் தூவியதுபோல் சொரசொரவென்று உட்காரும். அதற்குப் பிறகு எல்லாமே தண்ணீர்தான். எங்கள் ஊர்ச் சூட்டில் பெயிண்ட் பிரஷிலேயே இறுகிவிடும் என்பதால், டிபன் டப்பா ஒன்றில் ஸ்பாஞ்சை நனைத்துப் போட்டு, அதன்மேல் வெண்ணெய்த்தாள் விரித்து, அதில்தான் வண்ணத்தை வைத்துக்கொள்வேன். அடிவண்ணத்தைப் பாலாக இளக்கி, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் கப்பலின் தகட்டு இடுக்குகளெல்லாம் மூடிப்போய் சோப்புத் துண்டு மாதிரி ஆகிவிடும். பிறகு கறுப்பைக் கஷாயமாகக் கரைத்து மேலே விட்டால் அது தானாக ஓடிப் பள்ளங்களில் தேங்கி நிழலாகும். மேடுகளுக்கு, பிரஷை ஏறக்குறைய காயவைத்து, இலேசாகத் தடவி வெளிச்சம் ஏற்ற வேண்டும். விளிம்புக்கு முடிக்கனத்தில் ஒரு கோடு, ஜன்னல்களுக்கு ஊசிமுனையால் மஞ்சள் புள்ளி. எஞ்சினுக்கு நடுவில் வெள்ளை, சுற்றிலும் வெளிர்நீலம், அதைச் சுற்றி அடர்நீலம் என்று வைத்தால் உள்ளே எரிவதுபோலவே இருக்கும். எண்கள் பொறித்த ஒட்டிகளையும் தண்ணீரில் ஊறவைத்துத்தான் நழுவவிட வேண்டும். ஆக ஒரு கப்பல் முடிவதற்குள் அந்தச் சொம்புத் தண்ணீரில் அது குளித்தெழுந்துவிடும்.

முதல் தொகுதிக் கப்பல்கள் ஈரமாக இருக்கும்போது அவ்வளவு அழகாக இருந்தன. காய்ந்ததும் பள்ளங்களில் வெள்ளை பூத்தது. வானத்தின் இருட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கருநீலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன், அதனால் துளி வெள்ளையும் ஊருக்கே தெரிந்தது. கடைசியில் மேலே பூசுகிற வார்னிஷ்தான் பனிபிடித்ததுபோல் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். வேறு வார்னிஷ் வரவழைத்தேன். மறுபடியும் பூத்தது. கறுப்புக் கரைசலில் கோளாறு என்று அதை மாற்றினேன். பிரஷில் சோப்பு தங்கிவிடுகிறதோ என்று சோப்பை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் கப்பல்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஜன்னல் புள்ளிகள் முதற்கொண்டு அத்தனையையும் உரித்தெடுத்து, சாம்பல் பிளாஸ்டிக்கிலிருந்து திரும்பத் தொடங்கினேன். உரித்த அன்றைக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கவலைப்படுவார். "ஃபேன் காத்துல தூசி ஒட்டுதாட்ட இருக்குது" என்று ஃபேனை நிறுத்துவார். இருவரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்போம். பிறகு எழுந்து போய், புதுத் தண்ணீர் கொண்டுவருவார்.

ஆவணி பிறந்தும் ஒரு கப்பல்கூட முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான், மாமனார் ஒரு கல்யாணத்துக்கு மோகனூர் போயிருந்த நாளில், சமையலறையில் மாமியாரைப் பார்த்தேன். மாமனார் திரும்பி வந்து சாப்பிட, அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைக்கிறார், அது அவருக்கு உயிர். அடுப்பு மேடைக்குக் கீழே சாக்கு மூடிய ஒரு குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். அது தெருக்குழாயில் பிடித்த காவிரித் தண்ணீர். "ஏன் அத்தை, நம்ம குழாய்ல பிடிக்கலையா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏதோ வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அந்தத் தண்ணில பருப்பு என்னைக்கு வெந்துச்சு? கல்லாட்டக் கெடக்கும். அவருகிட்டச் சொல்லீறாத கண்ணு, போர்த் தண்ணின்னு நெனைச்சுத்தான் இத்தன வருசமாத் தின்னுக்கிட்டு இருக்கறாரு." சொல்லிவிட்டு மூடியைப் போட்டார். பருப்பு வேகவிடாத தண்ணீர். குழாயில் கல் கட்டுகிற தண்ணீர். அதை எடுத்துத்தான் நான் மாதக்கணக்காகக் கருநீலத்தின்மேல் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் பக்கத்து அறையில் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அன்று மாலையே இரண்டு கப்பல்களை எடுத்து, ஒன்றுக்குச் சொம்புத் தண்ணீர், மற்றதுக்குக் குடத்துத் தண்ணீர் என்று வைத்து, மற்றதெல்லாம் ஒரே மாதிரி அடித்தேன். ஒன்று பூத்தது, ஒன்று இரவு வானமாக நின்றது. இந்த வீட்டில் இருக்கிற வாய்களில் என் வாய் மட்டும் எதற்காக மூட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அவர் சொம்போடு வந்ததும் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். "மாமா, கோளாறு தண்ணியிலதாங்க மாமா. உப்பு. காஞ்சதும் வெள்ளையா நிக்குது. பாருங்க." என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். ஒரு ரிக் வண்டிக்காரருக்கு அது என்ன என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. அந்தப் படிவை அவர் நாடெங்கும் பாறைத்தூளில் பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார், "தண்ணி என்ன சாமி பண்ணும். உன்ற கை ஒரே மாதிரி இல்ல. ஒண்ணுல அழுத்தறே, ஒண்ணுல உடறே." பூத்த கப்பலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாயங்காலம் நூல் மில் வேலை முடிந்து வந்த கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பாகிட்ட அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதன்னு உனக்கு யாருமே சொல்லலையா?" என்றார். யாருமே சொல்லவில்லை என்பதுதானே என் சண்டையே. சரி, இந்த வீட்டில் உண்மை பேசிப் பயனில்லை என்று நானும் அவர்கள் வழிக்கே வந்தேன். சங்ககிரி ரோட்டில் லாரி சாமான் கடை ஒன்றில் பேட்டரித் தண்ணீர் கேன் வாங்கினேன். லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர், உப்பு என்ற பேச்சே அதில் கிடையாது. கேனை மேசைக்கடியில் துணி போட்டு மறைத்துவைத்தேன்.

மாமனார் சில நாள் பின்கட்டுப் பக்கமே வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் எதுவுமே நடக்காததுபோல் சொம்போடு வந்து நின்றார். "வாரேன் வாரேன்னு முட்டி வலி விடல சாமி. இந்தா." நானும் எதுவுமே நடக்காததுபோல் வாங்கி வைத்தேன். சொம்பு முன்னைப்போல் இல்லாமல் உட்புறம் பளபளவென்று இருந்தது. புளி போட்டுத் தேய்க்கிறார் போலிருக்கிறது, நான் சொன்னதற்கு இப்படி ஒரு பதில் என்று நினைத்து இன்னும் எரிச்சலானேன். அவர் தலை மறைந்ததும் சொம்பை எடுத்து ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன், கேனைத் திறந்து என் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் இதுதான் நடந்தது. எனக்குக் குற்றவுணர்ச்சி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, கையைத்தான் குறை சொன்னார்.

கப்பல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. காய்ந்த பிறகும் கருநீலம் கருநீலமாகவே இருந்தது. நிழல் நிழலாக விழுந்தது, எஞ்சின்கள் எரிந்தன. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் கையில் கொடுக்க வேண்டும், வாங்கித் திருப்பிப் பார்ப்பார். "இப்பக் கை படிஞ்சிருச்சு பாரு" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமாங்க மாமா" என்பேன். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார், "கருவேப்பலைக்கு என்ன சாமி ஊத்தற, இப்பிடித் தழையுது?" அதுவரை அந்தச் செடியின் இலைகள் ஓரம் கருகித்தான் இருக்கும். இப்போது கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. "உங்க தண்ணிதானுங்க மாமா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதில் ஒரு சிரிப்பு இருந்ததா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பொங்கல் கழிந்து பெங்களூருக்குப் படையோடு போனேன். ஸ்பாஞ்சில் குழி வெட்டி ஒவ்வொரு கப்பலையும் அதில் படுக்கவைத்து, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கறுப்புத் துணிமேல் என் படையை வரிசையாக நிறுத்தியதும் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். போன வருடம் நேரம் எங்கே என்று கேட்ட தோழி குனிந்து ஜன்னல் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எப்படி அடிச்ச, சொல்லிக்கொடு" என்றாள். ஆட்டத்தில் படுதோல்வி. அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. திரும்பி வந்து போட்டோக்களைக் காட்டினேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற அத்தனை பேரையும் மாமனார் பின்கட்டுக்கு அழைத்துவந்தார். போர்வெல் கதை முடிந்ததும் கப்பல் கதை. "பெங்களூர்ல அத்தன பேரு அசந்து போனாங்களாம். எல்லாம் நம்ம தண்ணில அடிச்சதுங்க." நான் அங்கேயே நிற்பேன். என் கை, என் கண், என் மாதங்கள், நான் துணி போட்டு மறைத்து வைத்த கேன். பெயர் மட்டும் அவர் போர்வெல்லுக்கு. பூத்துப்போன அந்தக் கப்பல் எங்கே என்று ஒருநாள் கேட்டேன், உரித்துத் திரும்ப அடித்துவிடலாமே என்று. "அது எங்கிட்ட இருக்கட்டும்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

போன ஆனியில் மாமனார் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, ஒரு காலையில் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மாமியார் குரல் கொடுத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரைத் தவிர வேறு யாரும் மோட்டார் போட்டதே கிடையாது, காரிய நாட்களில் மட்டும் உறவுக்காரர் யாரோ போட்டார்கள். நான் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியின்மேல் என் கப்பல் பூத்த முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினால், கதவுக்குப் பின்னால், பழைய கயிற்றுச் சுருளுக்கு அடியில், வெள்ளைக் கேன்கள். நான் வாங்குகிற அதே பேட்டரித் தண்ணீர். காலிக் கேன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, கடைசியில் ஒன்று மட்டும் பாதி தீர்ந்து நின்றது. அதன் மூடிமேல் அந்த எவர்சில்வர் சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது. வண்டியை விற்று எத்தனையோ வருடமாகிவிட்டது, வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றக் கடைக்காரப் பையனே வருவான். எனக்குப் புரியச் சில கணங்கள் பிடித்தன. புரிந்ததும் சொம்பை நிமிர்த்தி உட்புறத்தைப் பார்த்தேன், துளி வெள்ளைகூட இல்லை.

கேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது உனக்குத்தான் கொண்டாந்து ஊத்துவாரு. நீ அந்த ரெண்டு கப்பலக் காட்டுனீயல்லோ, அதுக்கு மக்கா நாள் விடிஞ்சதுமே ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயி வாங்கியாந்தாரு. எங்கிட்ட, சொல்லாதேன்னாரு." நான் அந்தத் தண்ணீரைத்தான் தினமும் செடிக்கு ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும் கண்ணு" என்றார். "தெரிஞ்சுமா அத்தை சும்மா இருந்தீங்க?" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அவரு கொண்டாந்து வெக்கறதுல சந்தோசமா இருந்தாரு. நீ அடிக்கறதுல சந்தோசமா இருந்தே. நடுவால நான் எதுக்கு வாயத் தொறக்கோணும்?"

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செத்துப்போன மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள், எனக்கு அது வரவில்லை. தேய்ந்த முட்டியோடு கடைக்குப் போய்க் கேன் தூக்கிவந்து, யாரும் பார்க்காமல் சொம்பில் ஊற்றி, அதைப் போர்த் தண்ணீர் மாதிரி ஏந்திக்கொண்டு வரத் தெரிந்தவருக்கு, ஆமாம் சாமி, தண்ணியில உப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. உன் கை நல்ல கை என்று சொல்ல முடியவில்லை. ஊர்முன்னால் நம்ம தண்ணி என்று பெருமை பேசியபோது உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருந்தார், கறிவேப்பிலை ஏன் தழைக்கிறது என்று தெரிந்துதான் கேட்டாரா, எதையும் இனிமேல் கேட்க முடியாது. ஒருவேளை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தாலும் கை சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே தண்ணீரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து வாங்கினோம். அதில் பாதி செடிக்குப் போயிற்று.

இப்போது அடுத்த படை மேசைமேல் இருக்கிறது. இந்த முறை சந்தனக் கலர், அவர் சொன்னதுதான். சொம்பைக் கேனிலிருந்து நானே நிரப்பிக்கொள்கிறேன், ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது, கறிவேப்பிலை இலைகள் பழையபடி ஓரம் கருகத் தொடங்கிவிட்டன. அந்தக் கப்பலை ஒருநாள் பெயர்த்தெடுத்து உரித்துவிடலாம் என்று பிளேடோடு மோட்டார் ரூமுக்குப் போனேன். பசை பெட்டியோடு பெட்டியாக இறுகியிருந்தது, பிளேடைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அந்த வெள்ளையை அவர் தினமும் காலையில், பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு முறையும், முகத்துக்கு நேராகப் பார்த்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று காலையும் போனேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பெட்டி 'டக்'கென்று உதறியது, கப்பல் அதிர்ந்து நின்றது. "கை இல்லீங்க மாமா, தண்ணிதான்" என்று அதைப் பார்த்துச் சொன்னேன். தினமும் சொல்கிறேன். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் எனக்கே அது காதில் விழுவதில்லை.